பத்தும் செய்யுமா பணம்?

2011-ஆம் ஆண்டு, கென்யாவின் மேற்கே விக்டோரியா ஏரியை ஒட்டிய ராரியெடா வட்டாரத்தில் கூரை வீடுகளைத் தேடிக்கொண்டு சிலர் ஊர் ஊராகப் போனார்கள். வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை, எந்த அட்டையும் கேட்கவில்லை. வீட்டின் மேல் கிடப்பது புல்லா, தகரமா என்று மட்டும் பார்த்தார்கள். புல் என்றால் ஏழை வீடு, பட்டியலில் சேர்க்கலாம். பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். கொஞ்ச நாளில் அந்த வீடுகளுக்கு எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவை வழியாகப் பணம் வந்து விழுந்தது. என்ன செய்யப் போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு, தடுப்பூசி போடு என்ற நிபந்தனையும் கிடையாது. திருப்பிக் கட்டவும் வேண்டாம்.

கொடுத்தது கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனம். விளைவை அளந்தவர்கள் யோஹானஸ் ஹவுஸ்ஹோஃபர், ஜெரமி ஷாப்பிரோ என்ற இருவர். ஷாப்பிரோ அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹவுஸ்ஹோஃபர் பொருளியலோடு நரம்பியலும் படித்தவர். அதனால்தான் கணக்கெடுக்கப் போனவர்கள் கையில் வினாத்தாளுடன் பஞ்சுத் துண்டுகளும் இருந்தன. வரவு செலவைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். வாயில் பஞ்சை ஒதுக்கச் சொல்லி உமிழ்நீரையும் எடுத்துக்கொண்டார்கள். பணம் வந்த வீட்டின் அடுப்படியில் என்ன மாறுகிறது என்பது ஒரு கேள்வி. அந்த வீட்டு மனிதர்களின் இரத்தத்தில் ஓடும் பதற்றம் குறைகிறதா என்பது இன்னொரு கேள்வி.

பணம் பத்தும் செய்யும் என்று நாம் சொல்லிவைத்துவிட்டோம். அந்தப் பத்து எவை, யாருக்கு, எந்த அளவுக்கு, எத்தனை நாளைக்கு என்று பிரித்துப் பார்க்கும் வேலை கடந்த முப்பது ஆண்டுகளில்தான் ஒழுங்காக நடந்திருக்கிறது. வந்த விடைகளில் பல எதிர்பார்த்தவை. சில, ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க வேண்டும் என்று வாதாடுபவர்களுக்கே சங்கடமானவை. எனக்கு அந்தச் சங்கடமான விடைகளில்தான் விஷயம் இருப்பதாகப் படுகிறது. தொகை எவ்வளவு என்பது பாதிக் கதைதான். பணம் எந்த வேளையில் வருகிறது, இன்னும் எத்தனை காலம் வரும் என்று நம்பலாம் என்பது மீதிக் கதை.

ராரியெடாவில் மூன்று விதமாகக் குலுக்கினார்கள். சில வீடுகளில் கணவன் கையில், சில வீடுகளில் மனைவி கையில். சிலருக்கு மாதத் தவணையாக, சிலருக்கு ஒரே மூச்சில். பெரும்பாலோருக்கு 25,200 ஷில்லிங், ஒரு பகுதியினருக்கு 95,200 ஷில்லிங். சிறிய தொகையே அங்குள்ள ஒரு குடும்பத்தின் இரண்டு மாதச் செலவுக்குக் குறையாதது. ஒப்பிட்டுப் பார்க்க, பணம் கிடைக்காத வீடுகளையும், பணமே போகாத ஊர்களையும் தனியே வைத்துக்கொண்டார்கள்.

டீக்கடை பெஞ்சில் முதலில் எழும் சந்தேகத்தை முதலிலேயே முடித்துவிடலாம்: கையில் காசு கொடுத்தால் குடித்து அழிப்பார்களா? ராரியெடாவில் மது, புகையிலைச் செலவு கூடவில்லை. அது ஒரு வட்டாரத்தின் தனிக்குணமும் அல்ல. டேவிட் எவன்ஸ், ஆனா போபோவா என்ற உலக வங்கி ஆய்வாளர்கள் லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா எங்குமிருந்து 19 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். உதவிப் பணத்தால் குடியும் புகையும் கூடியதற்கு எங்கும் தெளிவான ஆதாரம் இல்லை; சில இடங்களில் குறைந்தே இருந்தது. இத்தனைக்குப் பிறகும் இந்தச் சந்தேகம் சாகவில்லை என்றால் அதற்குக் காரணம் ஆதாரக் குறைவு அல்ல.

எங்கே போனது பணம்? வயிற்றுக்கு, மாட்டுக்கு, கூரைக்கு. குடும்பங்கள் கூடுதலாகச் சாப்பிட்டன. பிள்ளைகள் பட்டினியாகப் படுத்த நாட்கள் நன்றாகக் குறைந்தன. கால்நடை வாங்கினார்கள். பலர் புல்லைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டார்கள். கூரை வீட்டில் இருந்தவர்களுக்கு இது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் புல் வாங்கி, ஆள் வைத்து வேய வேண்டும். அந்தச் செலவுக்காகச் சேர்த்துவைக்க முடியாததால்தான் தகரத்துக்கும் சேர்க்க முடிவதில்லை. ஒரே தடவையில் பெரிய தொகை வந்தால் ஆண்டுதோறும் கரைந்துகொண்டிருந்த அந்தச் செலவு நின்றுபோகிறது. மாதத் தவணை வாங்கியவர்களிடம் சாப்பாடு மேம்பட்டது அதிகம், மொத்தமாக வாங்கியவர்களிடம் தகரமும் தட்டுமுட்டும் அதிகம். காசு ஒன்றுதான், வந்த விதத்துக்கு ஏற்ப அது வேறு வேறு பொருளாக மாறியது.

மனநிலைக் கேள்விகளுக்கு வந்த பதில்களும் தெளிவாக இருந்தன. மகிழ்ச்சியும் வாழ்க்கை மீதான திருப்தியும் கூடின, மன உளைச்சலும் சோர்வும் குறைந்தன. ஆனால் உமிழ்நீர் அவ்வளவு எளிதாக ஒத்துழைக்கவில்லை.

அதில் அவர்கள் தேடியது கார்ட்டிசால் என்ற சுரப்பைத்தான். ஆபத்து என்று மூளை கணித்தால் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்லும். பிட்யூட்டரி சிறுநீரகங்களின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குச் சொல்லும். அவை கார்ட்டிசாலை இரத்தத்தில் இறக்கும். சர்க்கரை ஏறும், உடல் ஓடவோ மோதவோ தயாராகும், நோயெதிர்ப்பு போன்ற அவசரமில்லாத வேலைகள் தள்ளிப் போடப்படும். நாய் துரத்தும்போது இது உயிர் காக்கும் ஏற்பாடு. கடன்காரர் துரத்தும்போது அதே ஏற்பாடு மாதக்கணக்கில் அணையாமல் எரிகிறது. அப்படி நீண்ட காலம் எரிவதால் இதயம், இரத்தக்குழாய், நினைவாற்றல் எல்லாம் தேய்கின்றன என்பதை ப்ரூஸ் மெக்இவன் என்ற நரம்பியலாளர் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார்.

ராரியெடாவில் பணம் பெற்ற எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் கார்ட்டிசால் இறங்கவில்லை. பிரித்துப் பார்த்தபோதுதான் வித்தியாசங்கள் தெரிந்தன. சிறிய தொகை பெற்றவர்களைவிடப் பெரிய தொகை பெற்றவர்களுக்கு, தவணையாகப் பெற்றவர்களைவிட மொத்தமாகப் பெற்றவர்களுக்கு, கணவன் கையில் பெற்ற வீடுகளைவிட மனைவி கையில் பெற்ற வீடுகளுக்குக் கார்ட்டிசால் குறைவாக இருந்தது. இந்த மாதிரிப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்கும் முடிவுகளைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். போதிய தடவை பிரித்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே தேறிவிடும். இருந்தாலும் நிம்மதி என்று வாய் சொல்வதை உடல் உடனே ஏற்றுக்கொள்வதில்லை என்பதை இந்த ஆய்வு காட்டியது.

பணம் மனத்துக்குள் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள, அதற்குச் சற்று முன்பு நம் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் நடந்த ஓர் ஆய்வு உதவும். தமிழ்நாட்டில் பிறந்த செந்தில் முல்லைநாதன், ஆனந்தி மணி, எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரும் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்தார்கள். கரும்பு ஏன்? அதற்குப் பணம் ஒரே தடவையாக வருகிறது. வெட்டு முடிந்து ஆலை பணம் தந்தால் கை நிறைய இருக்கும். அடுத்த வெட்டு நெருங்கும் மாதங்களில் அதே கை வறண்டுபோகும். எப்போது வெட்டுவது என்பதை விவசாயி முடிவுசெய்வதில்லை, ஆலைதான் முறை வைத்து உத்தரவு தருகிறது. ஆகவே ஒரே மாதத்தில் ஓர் ஊரில் ஒருவருக்குப் பணம் வந்திருக்கும், பக்கத்து வயல்காரர் காத்துக்கொண்டிருப்பார். வெயில், மழை, திருவிழா எல்லாம் இருவருக்கும் ஒன்றே. ஆய்வாளர்களுக்கு இதைவிட வசதியான சோதனைக்கூடம் கிடைக்காது.

வெட்டுக்கு முன் நூற்றில் 78 பேர் வீட்டில் ஏதாவது ஒன்று அடகுக் கடையில் இருந்தது. வெட்டுக்குப் பின் அது 4 ஆகக் குறைந்தது. அதே விவசாயிகளுக்கு அந்த இரண்டு காலத்திலும் சிறு தேர்வுகள் வைத்தார்கள். ஒன்று, விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடிக்கும் புதிர். இன்னொன்று, 5 5 5 என்று காட்டி எத்தனை எண்கள் என்று கேட்பது. ஐந்து என்று முந்திக்கொண்டு வரும் நாக்கை அடக்கி மூன்று என்று சொல்ல வேண்டும். புதிரில் பத்துக்குச் சராசரியாக 4.35 எடுத்தவர்கள், பணம் வந்தபின் 5.45 எடுத்தார்கள். இரண்டாம் தடவை எழுதுவதால் பழகிவிட்டதோ என்ற சந்தேகம் வரும். அதற்காகவே 100 பேரை ஒதுக்கிவைத்து வெட்டுக்குப் பிறகு முதன்முறையாகச் சோதித்தார்கள். அவர்களும் அதே அளவுக்கு நன்றாகவே செய்தார்கள்.

அதே மனிதர், அதே மூளை. நடுவில் மாறியது கையிருப்பு மட்டும். வட்டி எப்போது, யாரிடம் கைமாற்றுக் கேட்கலாம், நகையை மீட்காவிட்டால் ஏலத்துக்குப் போய்விடுமா என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும்போது மற்ற கணக்குக்கு இடம் குறைகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். 2013-இல் சயின்ஸ் இதழில் வெளியான அந்தக் கட்டுரையில், அமெரிக்கக் கடைத்தெரு வளாகம் ஒன்றில் நடந்த சோதனைகளும் இருந்தன. அந்தப் பாதி பிறகு கடும் விமர்சனத்துக்கு ஆளானது. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஏழைத் தொழிலாளர்களைச் சோதித்த வேறொரு குழுவுக்கு இப்படி எந்த வேறுபாடும் கிடைக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் சம்பளத்துக்கும் ஆண்டுக்கு ஒருமுறை வரும் கரும்புப் பணத்துக்கும் உள்ள தூரம்தான் இந்த முரண்பாட்டுக்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அப்படி நினைக்க ஒடிசாவில் கிடைத்த சான்று ஒன்று தைரியம் தருகிறது. சுப்ரீத் கௌர், முல்லைநாதன் முதலியோர் தையல் இலை தைக்கும் 408 தொழிலாளர்களை இரண்டு வாரங்கள் வேலைக்கு அமர்த்தினார்கள். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. எல்லாருக்கும் எவ்வளவு எப்போது வரும் என்று முன்பே தெரியும். சிலருக்கு மட்டும் கூலியின் ஒரு பெரும்பகுதி சில நாட்கள் முன்கூட்டியே கைக்கு வந்தது. மொத்தக் கூலியில் காலணா வித்தியாசம் இல்லை. பணம் வந்த மறுநாளிலிருந்து அவர்கள் தைத்த இலைகள் ஆறேழு விழுக்காடு கூடின, தவறுகள் குறைந்தன. மிக ஏழைகளாக இருந்தவர்களிடம்தான் இந்த வித்தியாசம் அதிகம். அவர்களில் பலர் வந்த பணத்தில் முதலில் கடனைத்தான் அடைத்தார்கள். பணம் கொடுத்தால் சோம்பேறி ஆவார்கள் என்ற வாதத்துக்கு இதைவிடக் குறும்பான பதில் கிடையாது.

இதுவரை பெரியவர்கள். பிள்ளைகளுக்கு வரும்போது கதை சிக்கலாகிறது.

அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பகுதியில், கிழக்குச் செரோக்கி என்ற பூர்வகுடிகளின் நிலத்தையும் உள்ளடக்கி, ஜேன் காஸ்டெல்லோ என்ற ஆய்வாளர் 1993-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். 9 முதல் 13 வயது வரையான 1,420 பிள்ளைகளின் மனநலத்தை ஆண்டுதோறும் பரிசோதிப்பது திட்டம். பணத்துக்கும் அவருடைய ஆய்வுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆய்வு பாதியில் இருக்கும்போது செரோக்கிகள் தங்கள் நிலத்தில் ஒரு சூதாட்ட விடுதி திறந்தார்கள். அதன் இலாபத்தில் ஒரு பங்கு, இனத்தில் பதிவான ஒவ்வொருவருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரத் தொடங்கியது. போகப் போக ஒரு பெரியவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 4,000 டாலர் அளவுக்கு உயர்ந்தது. வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் வரும். யாரும் திட்டமிடாத சோதனை ஒன்று காஸ்டெல்லோவின் மடியில் வந்து விழுந்தது.

பூர்வகுடிக் குடும்பங்களில் 14 விழுக்காடு அந்தப் பணத்தால் வறுமைக் கோட்டைத் தாண்டின. 53 விழுக்காடு ஏழைகளாகவே இருந்தன. மற்றவை முன்பே ஏழைகள் அல்ல. வறுமையிலிருந்து வெளியே வந்த வீட்டுப் பிள்ளைகளிடம் சண்டை, பிடிவாதம், பொய், திருட்டு போன்ற நடத்தைக் கோளாறுகள் நான்கு ஆண்டுகளுக்குள், எப்போதுமே ஏழையாக இல்லாத பிள்ளைகளின் அளவுக்கு இறங்கிவிட்டன. வறுமையிலேயே தங்கிய வீடுகளில் இறங்கவில்லை. ஆனால் பதற்றமும் மனச்சோர்வும் அந்த வயதில் எந்தப் பிள்ளையிடமும் மாறவில்லை. ஏன் நடத்தை மட்டும்? தரவுகளைக் குடைந்தபோது, இந்த மாற்றத்தின் பெரும்பகுதியை ஒரே விஷயம் விளக்கியது: பெற்றோருக்குப் பிள்ளைகளைக் கவனிக்க நேரம் இருந்தது. பையன் எங்கே போகிறான், யாரோடு சுற்றுகிறான் என்று தெரிந்துவைத்திருந்தார்கள். அவ்வளவுதான். பிறகு ராண்டல் ஆக்கீயும் மற்றவர்களும் அதே பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தபோது, மிக ஏழ்மையில் இருந்த வீட்டுப் பிள்ளைகள் 21 வயதுக்குள் ஏறக்குறைய ஓராண்டு கூடுதலாகப் படித்திருந்தார்கள். 16, 17 வயதில் சிறு குற்றங்களில் சிக்குவதும் குறைந்திருந்தது.

செரோக்கி ஆய்வுதான் பலருடைய நம்பிக்கையை உச்சிக்கு ஏற்றியது. அடுத்து வந்தது அதற்கு நேரெதிராக, அணு அணுவாகத் திட்டமிட்ட ஆய்வு. குழந்தையின் முதல் ஆண்டுகள் என்று பெயர். கிம்பர்லி நோபிள், கிரெக் டங்கன் முதலிய ஆறேழு மூத்த ஆய்வாளர்கள் சேர்ந்து நியூயார்க், நியூ ஆர்லியன்ஸ், ஒமாஹா, மின்னியாபொலிஸ் இரட்டை நகரம் ஆகிய இடங்களில் 2018, 2019-இல் பிரசவித்த 1,000 ஏழைத் தாய்மாரைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு மாதம் 333 டாலர், மற்றவர்களுக்கு 20 டாலர், டெபிட் கார்டில் வந்துவிடும். வறுமை குழந்தையின் மூளை வளர்ச்சியை நேரடியாகப் பாதிக்கிறதா என்பதற்கு முதல் முறையாகக் கறாரான விடை கிடைக்கும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

குழந்தைகளுக்கு ஒரு வயதானபோது 435 பேரின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்தார்கள். அதிகப் பணம் பெற்ற வீட்டுக் குழந்தைகளிடம் வேகமான அலைகள் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தன. 2022-இல் அந்தச் செய்தி வெளியானதும் உதவிப் பணம் குழந்தை மூளையை வளர்க்கிறது என்று தலைப்புகள் பறந்தன. கடுமையான புள்ளியியல் சோதனைகளில் அந்த வேறுபாடு தாக்குப்பிடிக்கவில்லை என்ற எச்சரிக்கை கட்டுரைக்குள்ளேயே இருந்தது, தலைப்புகளில் இல்லை. நான்கு வயதில் மறுபடி பார்த்தார்கள். மொழித்திறன், கவனம், நடத்தை, மின்னலை எதிலும் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. தாய்மாரின் மனச்சோர்வும் குறைந்திருக்கவில்லை. பணம் வீணானது என்று சொல்ல முடியாது. குழந்தைக்கான பொருட்களுக்குக் கூடுதலாகச் செலவழித்தார்கள், குழந்தையோடு உட்கார்ந்து கதை படிப்பது போன்றவற்றில் கூடுதல் நேரம் போனது, குடிக்கும் புகைக்கும் போகவில்லை. எதிர்பார்த்தது மட்டும் கிடைக்கவில்லை.

சமாதானங்கள் உண்டு. பெருந்தொற்று நடுவில் புகுந்தது, அரசு எல்லாருக்கும் பெரிய தொகைகளை வழங்கியது, பிறகு விலைவாசி ஏறியது. எல்லாம் நியாயமானவைதான். ஆனால் வேறொன்றும் இடிக்கிறது. நியூயார்க்கில் 333 டாலர் வாடகையில் ஒரு மூலையைக்கூட நிரப்பாது. ராரியெடாவில் அதைவிடக் குறைந்த தொகையே இரண்டு மாத வாழ்க்கை. டெக்சாஸ், இல்லினாய் மாநிலங்களில் 1,000 பேருக்கு மூன்று ஆண்டுகள் மாதம் 1,000 டாலர் கொடுத்த இன்னொரு ஆய்விலும் முதல் ஆண்டில் மன உளைச்சல் தெளிவாகக் குறைந்து, இரண்டாம் ஆண்டிலேயே பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மூன்று ஆண்டில் நின்றுவிடும் என்று தெரிந்த பணம் அது. செரோக்கிப் பணத்துக்கு முடிவுத் தேதி கிடையாது. ஒரு தாய் இரவு வேலையை விடலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது இந்த மாதம் எவ்வளவு என்று மட்டுமா பார்ப்பாள்? அடுத்த வருடமும் வருமா என்றுதானே பார்ப்பாள்.

மொத்தக் கணக்கு என்ன என்று கேட்டால் அதற்கும் விடை உண்டு. வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் நடந்த 45 ஆய்வுகளை, 1,16,999 பேரை, ஒன்றாகச் சேர்த்து 2022-இல் ஒரு குழு கூட்டிப் பார்த்தது. உதவிப் பணத்தால் மனநலம் உயர்வது உண்மை, அளவு சிறியது. நூறு பேரை மனநிறைவின் வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்பவர் நான்கு இடம் முன்னே நகர்வது போல. தொகை பெரிதானால் நகர்வும் பெரிதாகும். நான்கு இடம்தானா என்று உதட்டைப் பிதுக்கும் முன் இந்தோனேசியாவைப் பார்க்க வேண்டும். அங்கே ஏழைக் குடும்பங்களுக்கு அரசு பணம் தரும் திட்டம் படிப்படியாக வட்டாரங்களுக்குப் பரவியது. திட்டம் போன வட்டாரங்களில் தற்கொலை ஏறக்குறைய 18 விழுக்காடு குறைந்தது. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில்தான் இந்தக் காப்பு அதிகமாக வேலை செய்தது. சராசரியில் நான்கு இடம் என்பது ஓரத்தில் நிற்பவருக்கு விழாமல் நிற்கும் தூரம்.

மூளை அலைகளைத் துரத்திய ஆர்வத்தில் நாம் எளிய கேள்விகளை மறந்துவிடுகிறோமோ என்று எனக்குத் தோன்றும். குழந்தை உயிரோடு இருக்கிறதா என்பதைவிட எளிய கேள்வி ஏது? ராரியெடாவை உள்ளடக்கிய சியாயா மாவட்டத்தில் 2014 முதல் 653 கிராமங்களில் 10,500 குடும்பங்களுக்குத் தலா 1,000 டாலர் அளவில் கொடுத்தார்கள். பிறகு அந்த வட்டாரத்தில் பிறந்த குழந்தைகள் அனைத்தையும் வீடு வீடாகக் கணக்கெடுத்து 2025-இல் வெளியிட்ட ஆய்வு, பணம் பெற்ற வீடுகளில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. பிரசவத்தை ஒட்டிய வேளையில் பணம் வந்த வீடுகளில்தான் உயிர்கள் அதிகம் தப்பின. நிறைமாதத்தில் பெண்கள் வேலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்கள், மருத்துவமனைப் பிரசவம் கூடியது. பக்கத்தில் மருத்துவர் உள்ள மருத்துவமனை இருந்த இடங்களில்தான் பலன் அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருத்துவமனையே இல்லாத ஊரில் பணத்தால் அதை வரவழைக்க முடியாது.

இந்தச் செய்தியைப் படித்தபோது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் நினைவுக்கு வராமல் இருக்காது. 1987-இல் 300 ரூபாயோடு தமிழ்நாட்டில் தொடங்கியது. 2006-இல் 6,000, 2011-இல் 12,000 என்று வளர்ந்தது. கர்ப்பத்தின்போது கூலி இழக்கும் பெண்ணுக்கு ஈடு செய்வது அதன் நோக்கங்களில் ஒன்று. ஆய்வுக்கு முன்பே ஊர்ப்புறச் செவிலியர்களுக்குத் தெரிந்திருந்த விஷயம்தான். அந்தப் பணம் பேறுகாலத்துக்குள் கைக்கு வருகிறதா, குழந்தை தவழ்ந்த பிறகு வருகிறதா என்பதுதான் அதன் பயனைப் பாதியாக்கும் அல்லது முழுதாக்கும் என்பதைச் சியாயா எண்களோடு சொல்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஆனார்? ராரியெடாவில் பணம் கிடைக்காத வீடுகளில், அயலார் வளர வளரத் தம் வாழ்க்கை மீதான திருப்தி குறைந்தது. நாளடைவில் அது மங்கியது. தகரக் கூரை வெயிலில் மின்னும்போது எதிர்வீட்டுக்குக் கண் கூசத்தான் செய்யும். சியாயாவில் பெரிய அளவில் கொடுத்தபோது வேறு காட்சி. பணம் பெறாத குடும்பங்களின் செலவும் பெற்றவர்களின் செலவுக்கு இணையாகவே உயர்ந்தது. காரணம், பணம் உள்ளூரிலேயே சுற்றியது. கடைக்காரருக்கு வியாபாரம், தச்சருக்கு வேலை, கூலிக்காரருக்குக் கூலி. கொடுத்த ஒவ்வொரு டாலரும் அந்த வட்டாரத்தில் சுமார் இரண்டரை டாலர் அளவுக்குப் பொருளாதாரத்தை அசைத்தது. விலைவாசி எகிறும் என்று பயந்தார்கள், 0.1 விழுக்காடு ஏறியது.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை போகிறது. மேலே சொன்ன ஆய்வுகளை அப்படியே அதன்மேல் ஒட்டிவைத்து வாழ்த்தவோ வசைபாடவோ கூடாது; தொகை வேறு, ரேஷன் கடை, சத்துணவு, அரசு மருத்துவமனை என்று அது வந்து சேரும் தரையும் வேறு. ஆனால் மாதாமாதம் வருவது, பெண்ணின் கணக்கில் வருவது, குறித்த தேதிக்கு வருவது ஆகிய மூன்றும் அதன் தொகையைப் போலவே அளந்து பார்க்க வேண்டிய அம்சங்கள். பெரும்பாலான விவாதங்கள் இலவசமா உரிமையா என்ற இடத்திலேயே நின்றுவிடுகின்றன.

வாக்குறுதியின் நீளத்தை மட்டும் தனியே பிரித்து அளக்கும் சோதனை ஒன்றும் கென்யாவில் ஓடிக்கொண்டிருக்கிறது. 295 கிராமங்கள். சிலவற்றில் எல்லாப் பெரியவர்களுக்கும் மாதம் 22.50 டாலர், 12 ஆண்டுகளுக்கு. சிலவற்றில் அதே தொகை இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும். சிலவற்றில் இரண்டாண்டுத் தொகை முழுவதும் ஒரே தடவையாக. மற்றவற்றுக்கு எதுவும் இல்லை. முதல் இரண்டு ஆண்டு முடிவில் மாதத் தவணை பெற்ற இரு குழுக்களின் கைக்கும் போயிருந்தது அதே தொகைதான். ஆனால் 12 ஆண்டு வரும் என்று நம்பிய ஊர்களில் புதிதாகக் கடை, தொழில் தொடங்கியவர்கள் கூடுதல். எந்த ஊரிலும் மொத்த உழைப்பு குறையவில்லை. கூலி வேலையிலிருந்து சொந்தத் தொழிலுக்கு மாறினார்கள்.

கடை போடும் முதலை மாதம் 22 டாலரில் எப்படித் திரட்டினார்கள் என்று பார்த்தால், நம் ஊர்ப் பெண்களுக்கு நன்கு தெரிந்த வழிதான். பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் போட்டார்கள். மாதம் ஒருவர் மொத்தமாக எடுத்தார். மாதக் காசா, மொத்தக் காசா என்று ஆய்வாளர்கள் குலுக்கிப்போட்ட முடிவைத் தங்கள் சௌகரியத்துக்குத் திருத்திக்கொண்டுவிட்டார்கள். அந்த ஊர்களுக்குக் கடைசித் தவணை 2030 வாக்கில் போய்ச்சேர வேண்டும்.